வரிசை குறைந்தால்

நான் ஒரு கணினி மொழி செய்கிறேன் என்று சொன்னால் லண்டன் நோர்பரியில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மற்றப் பாதிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, பாரிஸ் உணவகத்தில் கோப்பை கழுவி, இப்போது தோர்ண்டன் ஹீத்தில் கடை வைத்திருக்கிறவன் நான். கடையில் ஆள் வராத நேரத்தில் வீடியோ பார்த்துப் பழகியது இந்த வித்தை.

என் மொழியில் எனக்குப் பிடித்தது வரிசைக் கணக்கு. எண்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். முதலாவதில் இருந்து முதலாவது, இரண்டாவதில் இருந்து இரண்டாவது என்று ஒவ்வொன்றும் தன் சோடியோடு கழிபடும். ஒரு வரிசை குறைந்தால்? எதிர்பாராமல் ஆள் வந்தால் தேங்காய்ப்பால் சொதிக்குத் தண்ணீர் விட்டுக் காணாததை எல்லாருக்கும் போதுமாக்குகிற வீட்டில் வளர்ந்தவன், கடைசி எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பச் சொல்லி எழுதினேன். அந்த விதிக்கு ‘சமாளி’ என்று பெயரும் வைத்தேன்.

மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் என் முன்னால் விரலில் குத்திப் பார்ப்பாள். இரவில் நான் கடையில். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சீனி பார்க்கிற மெஷினைக் கணினியில் செருகி, காலை வரிசையையும் இரவு வரிசையையும் கழித்து, டொக்டருக்குக் காட்டப் படம் கீறுவேன். ஒருமுறை இரவுக் கோடு பாதியில் இருந்து அசையாமல் நேராகப் போயிருந்தது. சீனி அடங்கிவிட்டதென்று எனக்குப் பெருமை.

மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் தங்கிவிட்ட நண்பன் தேத்தண்ணீரோடு குனிந்து பார்த்தான். அவனும் கணினிக்காரன்தான்.

“அண்ணே, மனுசனுக்கு தினம் ஒரே நம்பரா வரும்?”

“அது என்ரை சமையலின்ரை மகிமை.”

“விளையாடாதீங்க. இரவு வரிசை பாதியில நிக்குது. மிச்சத்த உங்க ‘சமாளி’ நிரப்பியிருக்கு. இத நம்பி டாக்டர் இன்சுலின மாத்தியிருந்தா?”

மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

“ஏனப்பா இரவிலை பாக்கேல்லை?” என்று அவளைக் கேட்டேன்.

“விரலெல்லாம் நோகுது. பிள்ளையளும் தங்கடை தங்கடை வீட்டை போயிட்டுதுகள். தனிய இருந்து குத்திக் குத்தி ஆருக்குக் காட்ட?”

அவள் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“நீங்களும் குத்துங்கோ. அப்ப நானும் குத்துறன்.”

“எனக்குச் சீனி இல்லையே.”

“ஆர் சொன்னது? உங்கடை வாய்தானே?”

இப்போது இரவில் கடையில் இருந்து வீட்டுக்குப் போன் எடுப்பேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குத்துவோம். நான் போடுகிற சத்தத்தில் மிளகாய்த்தூள் எடுக்க வந்த ஆட்கள் பயந்து திரும்புவதும் உண்டு. அவள் சிரிப்பது போனில் கேட்கும். கணினியில் இப்போது அவளுக்கு ஒரு வரிசை, எனக்கு ஒரு வரிசை. என்னுடைய எண்ணும் அவ்வளவு யோக்கியமில்லை.

‘சமாளி’யை அழித்தேன்.

“முழுசா எடுக்காதீங்கண்ணே. வேணும்ங்கிறவங்க போட்டுக்கிற மாதிரியாவது வைங்க,” என்றான் நண்பன்.

“ஏலாது.”

எங்கள் இரண்டு வரிசையில் ஒன்று என்றைக்கோ முதலில் நின்றுபோகும். அன்றைக்கும் அந்த இடத்தில் என் மொழி எதையும் போட்டு நிரப்பாது. கழிக்காமல் நின்று, திரையில் நான் எழுதி வைத்ததைக் கேட்கும்: “மற்ற ஆள் எங்கை?”