இரங்கல் உரையில் விடுபட்ட பெயர்

டமார்!

அச்சடித்து வந்த மரண அறிவிப்புத் தாள்களை மேசைமேல் வீசினான் ஃபாரிஸ். அப்போது காலை 10.20. கட்டிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். லெபனானில், ஸஹ்லே ஊரில், பட்டப்பகலில் நுஹாத்துக்கு நடந்தது இது.

அவள் அம்மா ஓடெட் முந்தைய நாள் மாலை இறந்துவிட்டாள். மூன்று மணிக்கு அடக்கம். மாதா கோயிலில் இரங்கல் உரை வாசிக்க வேண்டியவள் நுஹாத்.

"அறிவிப்புல நம்ம ரெண்டு பேர் பேருதான் இருக்கு. நீ படிக்கிறதுலயும் ஸல்வா பேரு வரக்கூடாது."

"அக்காவும் அம்மா பெத்த பொண்ணுதானே, அண்ணா?"

"வேற மதத்துக்காரனோட வடக்க திரிபோலிக்கு ஓடினப்ப அது தெரியலையா? அவ வந்து நின்னா நான் பெட்டியைத் தூக்க மாட்டேன். போன் கீன் போட்டே... பாத்துக்கோ!"

உரையில் பெயர் வந்தால்தான் கோயில் வாசலில் துக்கம் கேட்கும் வரிசையில் இடம். பெயர் இல்லாதவள் பிள்ளையே இல்லை.

"போடா, கல்யாணத்துக்கும் சண்டை, சாவுக்கும் சண்டை!" என்றாள் ரோஸ் சித்தி. "வாங்கடி, காப்பி குடிப்போம். அழறதுக்குத் தெம்பு வேணாமா?"

பெண்கள் எல்லோரும் அடுக்களைக்குப் போனார்கள். கூடத்தில் அம்மாவின் திறந்த சவப்பெட்டியும் நுஹாத்தும் மட்டும்.

மணி 11.05. பைபிளிலிருந்து வாசிக்க வேண்டிய முதல் வாசகத்தைப் படித்துப் பார்த்தாள். அடுத்து உரை.

"அம்மா பெற்ற பிள்ளைகள் இருவர்..."

"ம்ஹூம்."

நிமிர்ந்தாள். யாருமில்லை. சின்ன வயதில் பாடம் ஒப்பிக்கும்போது தப்பு வந்தால் அம்மா எழுப்பும் சத்தம் அது.

11.09. மறுபடி படித்தாள்.

"பிள்ளைகள் இருவர்..."

"ம்ஹூம்."

இப்போது பக்கத்தில் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து...

மெழுகுவர்த்திகள் அசையவில்லை. அம்மாவின் கைகளும் அசையவில்லை. விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலை மட்டும்... மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஓட நினைத்தாள்.

பேனாவை எடுத்தாள். 'இருவர்' என்பதை அடித்தாள். 'ஸல்வா' என்று எழுதினாள்.

மணி 11.15.

ஜெபமாலை நின்றது.

கோயிலில் ஒலிவாங்கி முன் நின்றாள். முன்வரிசையிலிருந்து அண்ணன் முறைத்தான். நுஹாத் அவனைப் பார்க்கவில்லை.

"அம்மா பெற்ற பிள்ளைகள் மூவர். ஸல்வா, ஃபாரிஸ், நுஹாத்."

ஃபாரிஸ் பாதி எழுந்தான்.

அதற்குள் கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். கறுப்பு உடை. இருபது வருடத்தில் தலை நரைத்திருந்தது.

ஊரே திரும்பிப் பார்த்தது. ஃபாரிஸ் உட்கார்ந்துவிட்டான். பிறகு பெட்டியையும் தூக்கினான். வாசல் வரிசையில் ஸல்வாதான் முதலாவதாக நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் நுஹாத் அவள் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது.

"யாருக்கா உனக்குச் சொன்னது? நாங்க யாருமே சொல்லலையே..."

"பதினொண்ணேகாலுக்கு அம்மா போன் பண்ணாங்கடி. 'நுஹாத் உன் பேரை எழுதிட்டா, கறுப்பு உடுத்திட்டு வா'ன்னாங்க. செத்தது யாருன்னு கேட்டேன்... 'நான்தான்'னாங்க."