எழுதும் முன் போட்ட கையெழுத்து

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் காதக்கா என்று பெயர். பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். தாயின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்தாளென்றால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குழந்தையின் துடிப்பை எண்ணிச் சொல்லிவிடுவாள். மெஷின் வந்த பிறகும், மெஷின் ஒன்று சொல்லி அக்கா வேறொன்று சொன்னால், எல்லோரும் மெஷினைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

அவளோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் பேனாக்கா. இருவரும் ஒரே ஷிப்டைக் கேட்டு வாங்குவார்கள். அக்கா திரைக்குப் பின்னாலிருந்து எண்ணைச் சொல்ல, மேசையில் இருக்கும் பேனாக்கா அதை நேரத்தோடு சார்ட்டில் எழுதுவாள். அரை மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு தாய்க்கும் இப்படி. தாளின் அடியில், துடிப்பைக் கேட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். கையுறையும் ரத்தமுமாக நிற்பவள் மேசைக்கு எங்கே ஓடி வருவது? அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே ஏழெட்டு வெற்றுத் தாளில் கையெழுத்தைப் போட்டு நீட்டிவிடுவாள்.

“இந்தா, என் குடுமி உன் கையில” என்பாள் அக்கா.

“அப்பப்போ ஆட்டிப் பாத்துக்கிறேன் போடி” என்பாள் அவள். இருபத்திரண்டு வருடமாக இதே சிரிப்பு.

பேனாக்கா எங்களுக்கு வெளியாள் இல்லை. எங்கள் அடுப்படியில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். என் மனைவிக்கு முதல் பிரசவம் வந்தபோது, இரண்டு பேரும் ஷிப்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வலி வந்ததே என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். “அண்ணி இருக்காங்க, எனக்கென்ன பயம்” என்று சிரித்துக்கொண்டேதான் என் மனைவி உள்ளே போனாள். அப்போது காலை பத்து மணி.

மாலை ஐந்தே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. ஒரு முறை கூட அழவில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அதிகாரிகள் விசாரணை வைத்தார்கள்; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா சொன்னது இது: மூன்று மணிக்கே துடிப்பு தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது. அப்போதே பெரிய டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். டாக்டரம்மா வேலை நேரத்தில் எதிர்த்தெருவில் தன் சொந்த கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். இதோ, இதோ என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, வந்து சேர்ந்தது ஐந்து மணிக்கு.

தாள் சொன்னது வேறு. மூன்று மணிக்கு நூற்று நாற்பது. மூன்றரைக்கு நூற்று முப்பத்தெட்டு. நாலரை வரை எல்லாம் சரி. ஐந்து மணிக்குத்தான் சரிவு, உடனே தகவல், உடனே டாக்டர். அடியில் என் அக்காவின் கையெழுத்து.

“குழந்தை ரொம்ப நேரம் தவிச்சிருக்கு. கேக்க வேண்டியவங்க கேக்காமலே நம்பரச் சொல்லியிருக்காங்க” என்றார் டாக்டரம்மா, ரொம்ப வருத்தத்தோடு.

பேனாக்கா தரையைப் பார்த்தபடி, “அவ சொன்னதத்தான் சார் எழுதுனேன்” என்றாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் எழுந்து அந்தத் தாளைக் கையில் வாங்கினேன். “இது உன் கையெழுத்தா?”

“என்னோடதுதான்டா. ஆனா அது முன்னாடியே…”

“வெறும் தாள்ல கையெழுத்துப் போடுறவள நான் எப்படி நம்புறது?”

அவ்வளவு பேர் முன்னால் கேட்டேன்.  அவளைப் பிரசவ வார்டிலிருந்து தூக்கி, துணிக் கிடங்கில் போட்டார்கள். விரிப்பும் உறையும் எண்ணுகிற வேலை. காதுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

வீட்டில் என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். “அண்ணி தொண்ணூறு, தொண்ணூறுன்னு கத்துனது என் காதுல விழுந்துச்சுங்க. டாக்டரக் கூப்பிடுன்னு அழுதாங்க.” வலியில் கிடந்தவளுக்கு என்ன தெரியும் என்று அவள் வாயையும் அடைத்தேன். அக்கா வீட்டுப் பக்கம் ஒன்றரை வருடம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

என் வேலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லக் கூசுகிறது. நான் பஸ் நிலையத்தில் நேரக் குறிப்பாளன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று நோட்டில் எழுதுகிறவன். வண்டி வர வர எழுதினால் பக்கம் கோணல்மாணலாக இருக்கும். ஓரிடத்தில் மை தீர்ந்திருக்கும், ஓரிடத்தில் அடித்தல் இருக்கும். எழுதாமல் ஊர்சுற்றிவிட்டு ஆறு மணிக்கு உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினால், பக்கம் அச்சடித்தது போல இருக்கும். நானே எத்தனையோ நாள் அப்படி நிரப்பியிருக்கிறேன். விசாரணையில் என் கைக்கு வந்த தாளில் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரே மை, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் இல்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துபோனது. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்தவனுக்குக் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. டாக்டரம்மாவிடம் கத்த எனக்குத் தைரியம் இல்லை. கூடப்பிறந்தவள் பக்கத்திலேயே இருந்தாள்.

என் மனைவி மறுபடி உண்டானாள். ஆறாம் மாதம், “அண்ணி காது வெச்சுக் கேட்டாத்தான் நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் வருவேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். நான் முதலில் பேனாக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் மழுப்பவில்லை.

“டாக்டரம்மா முதல்ல எழுதுன சார்ட்டக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதச் சொன்னாங்க. அவ கையெழுத்துப் போட்ட தாளு அன்னைக்கு மிச்சம் இருந்துச்சு.”

“உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?”

“எனக்கு இந்த வேலைய விட்டா யாரு இருக்கா? அவளுக்கு நீ இருக்க. தம்பி கை விட்டுருவானான்னு நெனச்சேன்.”

நாலு பேர் முன்னால் வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

அன்று மதியமே மனைவியை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.  அக்கா என் மனைவியைக் கட்டிலில் படுக்க வைத்தாள். பீரோவின் அடித்தட்டில் துணி சுற்றிக் கிடந்த மரக்குழலை எடுத்து, சில்லென்று இருக்கக் கூடாது என்று உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. “அக்கா, அந்தத் தாள் மொத்தமா ஒரே மூச்சுல எழுதுனதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“தெரியும்டா” என்றாள், நிமிராமலே. “தெனமும் அதே வேலையப் பண்றவன் நீ. பாத்ததும் கண்டுபிடிச்சிருவ, எந்திரிச்சு சொல்லுவன்னுதான் உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்.”

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. குனிந்து குழலில் காதை வைத்தாள். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அந்த ஒரு நிமிடம் என் மனைவி மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

“நூத்தி நாப்பத்திரெண்டு. குழந்தை நல்லா இருக்கு” என்று சொல்லி என் மனைவியின் கன்னத்தைத் தட்டினாள்.

பழக்கதோஷம், என் கை பேனாவை எடுத்துவிட்டது. கட்டிலில் கிடந்த, மனைவியின் பரிசோதனை நோட்டைப் பிரித்து எழுதப் போனேன். அக்கா இரண்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நானே எழுதிக்கிறேன்.”

நேரத்தை எழுதினாள். எண்ணை எழுதினாள். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டாள். பேனாவை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.