இடது கைக்கு ஒரு மார்க்

2023 ஜூலை 18, செவ்வாய். காலை பத்து இருபது. மேகம் மூடியிருந்தது. தூறல் இல்லை, காற்று மட்டும் புழுதியை வாரி அடித்தது. சாணார்பட்டி சாலையின் வேகத்தடையில் என் வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி ஜைத்தூன் தலையடிபட விழுந்தாள்.

மூளையில் ரத்தக்கட்டு. அறுவை சிகிச்சை முடிந்து, இருபத்திரண்டாம் நாள் மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பேச்சு இல்லை. வலது கை அசையவில்லை. திங்கட்கிழமைதோறும் பிசியோதெரபி பெண் ஒரு தாளோடு வருவாள். சாப்பிடுவது, உடுத்துவது, நடப்பது என ஒவ்வொன்றுக்கும் மார்க். தானாகச் செய்தால் ஏழு. முழுக்கப் பிறர் செய்தால் ஒன்று. முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக மார்க் போட்டவன் நான். அந்தத் தாளைப் பார்க்கவே பயந்தேன்.

சாப்பாட்டுக்கு நான்கு வாரமும் ஒன்றுதான். நன்றாக இருந்த இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால் கீழே போட்டுவிடுவாள்.

"கையில தெம்பு இருக்கு பாய். ஸ்பூன் எதுக்குன்னுதான் புரியல போல. நினைவு திரும்பலையோ என்னவோ" என்றாள் அந்தப் பெண்.

உடைந்துபோனேன். நாற்பத்தொரு வருட வாழ்க்கை அவளுக்குள் அழிந்துவிட்டதா? பரீட்சைத் தாள் திருத்தியபடியே இடது கையால் டீயை எடுத்தால், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "பீச்சாங்கைல குடிக்கிறீகளே, வாத்தியாருக்கு யாரு பாடம் எடுக்குறது?" கல்யாணமான புதிதில், கொடைரோடு ஸ்டேஷனில் அத்தனை பேர் பார்க்க என் டம்ளரைப் பிடுங்கிக் கை மாற்றியவள். அந்த ஏச்சுக்காக ஏங்கினேன். அன்று மாலை அஸர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் அழுதேன். "யா அல்லாஹ், மார்க் கேட்கவில்லை. அவள் இன்னும் அவளாக இருக்கிறாள் என்று ஓர் அடையாளம் காட்டு."

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது கையில் அந்தத் தாள். இடது கையால் டீயை வாய்க்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. டீ முழுவதும் சட்டையில்.

"பீச்சாங்கை!" என்றாள் ஜைத்தூன்.

நாற்பத்தெட்டு நாளில் முதல் சொல்.

அப்போதுதான் விளங்கியது. இடது கையால் உண்ணக் கூடாது என்பது அவளுக்கு மறக்கவே இல்லை. அதனால்தான் ஸ்பூனைப் போட்டாள். தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் போனில் கூப்பிட்டு, அவள் காதில் வைத்தேன். "ஏலாதவங்களுக்கு இடது கை கூடும்மா. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்க" என்றார். மறுநாள் காலை இடியாப்பத்தைத் தானே அள்ளினாள். அடுத்த திங்கள் ஐந்து மார்க்.

இன்று வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள். திட்டுவதில் ஏழுக்கு ஏழு. நான் இப்போது எதைக் குடித்தாலும் முதலில் கையைப் பார்க்கிறேன். சகோதரர்களே, உங்கள் வீட்டுத் தாளிலும் ஒன்று என்று எழுதியிருக்கலாம். ஸஜ்தாவில் விழுந்து கேளுங்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.

மொத்தச் செலவு மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று இருபது ரூபாய், சட்டையில் சிந்திய டீக்குப் பத்து ரூபாய் உட்பட.