காணாமல் போன இஸ்தோப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வீடு கட்டப் போகிறார்கள். வீட்டின் படம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கொழும்பில் படம் வரைகிற மிஸ் ஒரு சுவரை நகர்த்தினால், இங்கே வீட்டைக் கட்டுகிற மேசன் பாஸ் பார்க்கிற படத்திலும் அது நகர்ந்துவிடுமாம். கேட்டபோதே எனக்குச் சந்தேகம்.

நாளைக்கு அத்திவாரம் வெட்டு. இன்று பாஸ் படத்தைத் திறந்து காட்டினார். முன்வாசலில் இஸ்தோப்பையே காணோம். கதவைத் திறந்தால் நேரே மழை.

"ஏங்க பாஸ், கொழுந்து பறிச்சிட்டு நனைஞ்சு வந்தா எங்க நின்னு இடுப்புல சுத்தின படங்கை அவுக்கிறது? உங்க தலையிலயா?"

"முன்சுவத்துக்கிட்ட இஸ்தோப்பு போடச் சொல்லி மிஸ்கிட்ட போன்ல சொன்னேனேங்க!"

மிஸ்ஸுக்குப் போன் போட்டோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"நீங்கள்தானே 'ஸ்டாப்' எண்டு சொன்னனீங்கள்? அதான் அந்தச் சுவரோட நிப்பாட்டிப்போட்டன்."

"ஐயோ மிஸ், இஸ்தோப்புன்னா வாசலுக்கு முன்னால கூரை போட்டு நிக்கிற எடங்க!" என்றார் பாஸ்.

"ஓ, விறாந்தையோ!"

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தில் இஸ்தோப்பு முளைத்தது.

"மிஸ், நாங்க குடிபோனதுக்கப்புறம் நீங்க அங்க நகர்த்தினா, இங்க சுவரும் நகருமாங்க?"

சிரித்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கட்டிலை எந்தச் சுவர் ஓரமாகப் போடுவது?