ரெண்டு டொல்ஃபினும் என்ர வாயும்

டொல்ஃபின் எண்ணுற வேலைக்குக் கண் வேணும், பொறுமை வேணும், எல்லாத்துக்கும் மேல வாயை மூடி வச்சிருக்கத் தெரியவேணும். இந்த மூண்டாவது எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை.

நான் மொன்றியலில இருந்துகொண்டு கங்கையாத்து டொல்ஃபினை எண்ணுறன். மாஸ்டர்ஸ் படிப்பு. அங்க ஆத்துக்கு மேல ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுத்து அனுப்புவினம். இங்க ரெண்டு பேர், தனித்தனியா, அதே வீடியோவைப் பாத்து எண்ணவேணும். ஒராள் நான், மற்றது கார்த்திக், சென்னைப் பெடியன். ரெண்டு பேரும் பட்டியல் குடுத்து முடியிற வரைக்கும் அந்த வீடியோவைப் பற்றி ஒரு சொல் கதைக்கக்கூடாது. இந்த எண்ணிக்கையைப் பாத்துத்தான் அங்க ஒரு குழு, ஆத்தில ஒரு துண்டுக்குள்ள மணல் அள்ளுற படகுகளை விடுறதா மறிக்கிறதா எண்டு முடிவெடுக்கப்போகுது. தீஸிஸ் எழுதி நாசமாப்போன சகோதரங்களே, ஜன்னல் இல்லாத லாபுக்குள்ள இருந்து வெளிறிப்போனவையே, மிச்சத்தைக் கேளுங்கோ. உங்களை விட்டா என்னை ஆர் மன்னிக்கப்போகினம்?

முதல் பதினொண்டு

ஆத்து டொல்ஃபின் டிவியில வாற மாதிரித் துள்ளிக் காட்டாது. கலங்கின தண்ணியில மண்ணிற முதுகு ஒரு செக்கன் தெரியும், பிறகு இல்லை. பயிற்சிக்குத் தந்த வீடியோவில கார்த்திக் நாலு பிடிச்சான். நான் பதினொண்டு. அவனைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சன் பாருங்கோ, இப்ப நினைச்சாலும் கூசுது.

எங்கட ப்ரொஃபஸர் கியூபெக் மனுசி. கோவம் வந்தாலும் குரல் ஏறாது, அதுதான் ஆகப் பயம். என்ர பதினொண்டில ஏழு ஒரே மரக்குத்தி எண்டு சொன்னா. நான் விடுவனோ? வெளிச்சம் சரியில்லை, கமெரா ஆடுது, டொல்ஃபினும் சிலநேரம் அசையாமல் கிடக்கும், அந்த ட்ரோன் விட்டவனுக்கு முதல்ல படம் எடுக்கப் பழக்குங்கோ எண்டு பத்து நிமிசம் வாதாடினன். அவா முழுக்கக் கேட்டா. கோப்பியை ஒரு மிடறு குடிச்சா. பிறகு கேட்டா:

"சரி. ஆனா ஏழு தரமும் அதுக்கு மேல ஒரு கொக்கு நிண்டதை நீர் கவனிக்கேல்லையா?"

பூசை முடிஞ்ச பிறகு

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில பூசை முடிஞ்சு ஹோலுக்குள்ள தேத்தண்ணி குடிக்கேக்க, அம்மா என்னை ஒரு அங்கிளுக்கு அறிமுகப்படுத்தினா. "இவ எங்கட மூத்தவ, டொல்ஃபினில விஞ்ஞானி" எண்டு. மனிசன் மன்னாரில கடலுக்குப் போனவர். இப்ப புரோசார்டில மகனோட இருக்கிறார். "டொல்ஃபின் எண்டா எங்கட ஓங்கில்தானே?" எண்டு கேட்டார். ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, அது மீன் இல்லை, குட்டிக்குப் பால் குடுக்கிற பிராணி, ஆத்தில இருக்கிறதுக்குக் கண் சரியாத் தெரியாது, சத்தம் போட்டுத்தான் வழி கண்டுபிடிக்கும், அது அழிஞ்சால் அதுக்கு உங்களை மாதிரி ஆக்கள்தான் பொறுப்பு எண்டெல்லாம். அந்த மனிசன் ஒண்டும் அழிக்கேல்லை. கையில ஒரு மீன் பற்றிஸ், அவ்வளவுதான்.

அவர் பற்றிஸைச் சாப்பிட்டு முடிச்சிட்டு, "நீ நேரில பாத்தனியோ பிள்ளை?" எண்டார். கம்ப்யூட்டரில எண்டன். மேலயிருந்து எடுத்ததோ எண்டார். ஓம் எண்டன். தலையை ஆட்டினார்.

"வலையைக் கிழிச்ச ஓங்கிலை நான் முகத்துக்கு நேர பாத்து ஏசினனான் பிள்ளை, உனக்கு அதின்ர முதுகோடதானே பழக்கம்."

ஏழாவது வீடியோ

இனி என்ர குற்றம். ஏழாவது வீடியோ ஒரு பாலத்தடி. மணல்காரர் கேக்கிறதே அந்த இடத்தைத்தான், அதால எல்லா வீடியோவிலையும் முக்கியமானது அதுதான். நான் பாத்து முடிச்சிட்டன், பத்து. கார்த்திக்கும் பாத்திட்டான், ஆனா இன்னும் குடுக்கேல்லை. பின்னேரம் ரெண்டு பேரும் ஒரே மெட்ரோவில வீட்டை போறம். அவன் பாவம், பொழுதுபோகாமல் வாய்தவறி, "செவன்த் வீடியோ செம போர், எட்டுதான் வந்துச்சு" எண்டிட்டான்.

"எட்டோ? கண்ணை வீட்டில வச்சிட்டு வந்தனியோ? பாலத்து ரெண்டாவது தூணுக்குப் பக்கத்தில தாயும் குட்டியும், எருமை குளிக்கிற கரையில இன்னொண்டு, அதைக்கூடக் காணேல்லையோ?" எண்டு தொடங்கினன். கதைக்கக்கூடாது எண்டது எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தன் பிழையாச் சொல்லிக்கொண்டு முன்னால நிக்கேக்க சட்டதிட்டம் ஆருக்கு ஞாபகம் வரும்? ஆறு ஸ்டேஷன். பக்கத்திலயிருந்த மனுசி எழும்பி வேற இடத்துக்குப் போயிட்டா. தான் கண்டதில மூண்டை நீ கண்டிருக்க மாட்டாய், அது எங்க எண்டு அவன் சொல்ல வெளிக்கிட்டான். நான் அதைக் கேக்கவே இல்லை. கடைசியில இறங்கிற வாசலில நிண்டு கும்பிட்டான்:

"தாயே, நைட்டு திரும்பப் பாத்து உன்னோட மூணையும் சேத்துடறேன், ஆள விடு!"

கணக்கு

சேத்தும் விட்டான், பழைய பட்டியலுக்கு மேலயே எழுதி; பழசு அழிஞ்சுபோச்சு. மூளை இருக்கிறவள் இதை மூடி வச்சிருப்பாள். நான் அடுத்தநாள் விடிய ப்ரொஃபஸரிட்டப் போய், "கார்த்திக் விட்டதை நான் காட்டிக் குடுத்தன்" எண்டு பெருமையாச் சொன்னன்.

அவா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா. ஒராள் கண்டு மற்றாள் விட்டது எத்தினை எண்டதை வச்சுத்தான், ரெண்டு பேரும் விட்டது எத்தினை இருக்கும் எண்டு கணக்குப் போடுறது. வித்தியாசம்தான் இந்தக் கணக்குக்கு முதல். ரெண்டு பட்டியலும் ஒண்டு மாதிரி வந்தா, கணக்கு எங்களை நம்பிடும்: "ஓ, இவைக்கு ஒண்டும் தப்பாது போல" எண்டு. கார்த்திக்குக்கு ஞாபகமிருந்த பழைய எண்ணைப் போட்டா. பதினாறு டொல்ஃபின் எண்டு வந்தது. என்ர வெற்றிக்குப் பிறகு வந்த எண்ணைப் போட்டா. பதினாலு.

ஞாபகத்தில இருக்கிறதைக் குழுவுக்குக் குடுக்கேலாது. ஏழாவது வீடியோ இல்லாமல் போனா அந்தப் பாலத்தடி மணல்காரருக்குத்தான். கூட்டத்துக்கு மூண்டு நாள் இருக்கு. அவா வழமையான குரலில சொன்னா:

"ப்ராவோ. வாதத்தில நீர் வெண்டிட்டீர், ரெண்டு டொல்ஃபின் செத்திட்டுது."

கூட்டம்

புதுக் கண்கள் வேணும். ப்ரொஃபஸரே ஒரு ஆளா இருந்தா. மற்றது எங்கட லாபில இருக்கிற மோட் எண்டவ, காலமை ஒரு பொஞ்சூர், பின்னேரம் ஒரு பாய், இடையில ஒண்டும் கதைக்காத பிள்ளை. எனக்கு லாபுப் பக்கம் வரத் தடை. மூண்டு நாளும் பியர்பொன்ட்ஸில வீட்டில இருந்து அம்மாவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்தன். அவையின்ர பட்டியல் ரெண்டும் நல்லா வேறுபட்டது, எண்ணும் பதினாறுக்குக் கிட்ட வந்தது எண்டு கார்த்திக் மெசேஜ் போட்டான்.

கூட்டம் கம்ப்யூட்டரில நடந்தது; அண்டைக்கு மட்டும் ப்ரொஃபஸர் என்னையும் கூப்பிட்டிருந்தா. குழுவில இருந்த அதிகாரி கேட்டார், "பாலத்தடியில ரெண்டு பேர் கண்டதும் பாதிக்கு மேல பொருந்தேல்லை, இதை எப்பிடி நம்புறது?" ப்ரொஃபஸர் என்னைப் பாத்தா. "ஒரு நிமிசம் தாறன், சண்டை வேண்டாம்" எண்டா. நான் மரக்குத்தியில இருந்து மெட்ரோ வரைக்கும் எல்லாத்தையும் சொன்னன். பொருந்தாததுக்குப் பயப்பிடாதேங்கோ, பொருந்தினாத்தான் பயப்பிடவேணும், நாங்கள் ஒத்துப்போன அண்டைக்கு ரெண்டு டொல்ஃபின் காணாமல் போனது எண்டன். அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு ப்ரொஃபஸரிட்டக் கேட்டார்:

"இப்ப தந்த எண்ணிக்கையில இந்தப் பிள்ளை எண்ணினது ஒண்டும் இல்லையே? அப்ப சரி, பாலத்தடியைப் பாதுகாப்புக்குள்ள எடுக்கிறம்."

ஆக, ஆத்து டொல்ஃபினுக்கு நான் இதுவரைக்கும் செய்த ஆகப்பெரிய சேவை, மூண்டு நாள் வேலைக்கு வராமல் இருந்ததுதான்.