இரண்டு காலன் பெட்ரோலில் பத்தாங் பெர்ஜுந்தை

சென்ற மாதம், பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, பத்தாங் பெர்ஜுந்தைக்கு ஐந்து மைல் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அக்கா மரியம்மாளின் கணவர் சவரிமுத்து அங்கே கணக்கெழுதும் கிராணி. அக்காவுக்குப் பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருக்கும் இந்த அவசரகாலத்தில் மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து முள்வேலிக் கதவைப் பூட்டிவிட்டால், வலி வந்தாலும் வெளியே கிளம்புவது லேசில்லை. அதனால் அவர்கள் இருவரையும் கிள்ளானில் என் வீட்டுக்கு அழைத்துவர ஏற்பாடு.

இன்னொரு காரணமும் உண்டு. கார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சின்ன கார், காலனுக்கு நாற்பது மைல் ஓடும் என்றார் விற்றவர். நான் கணக்கு வாத்தியார், சும்மா இருக்க முடியவில்லை. டாங்கியைக் காலி செய்து சரியாக இரண்டு காலன் ஊற்றிக் கிளம்பினேன். பெட்ரோல் அளவு காட்டும் முள் இந்தக் காரில் கிடையாது. கோடு போட்ட குச்சியை டாங்கிக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

காலை 7.15க்குப் புறப்பட்டு, காப்பார், ஜெராம் வழியாக 28 மைல் ஓட்டி, 8.30க்குக் கோலா சிலாங்கூர். தார்ச்சாலை, நல்ல ஓட்டம். குச்சிப்படி காலனுக்கு 37 மைல். மகிழ்ச்சியோடு பெட்ரோல் நிலையத்துக்குப் போனால் அங்கே எண்ணெய் இல்லை.

"லோரி மத்தியானந்தான் வரும் லா, சார்," என்றார் அங்கிருந்தவர்.

காத்திருந்திருக்கலாம். ஆனால் ஒன்றேகால் காலன் மிச்சம். போக 19 மைல், வர 19 மைல். போதும் என்று மனக்கணக்குப் போட்டேன். பரிசோதனையை முடித்துவிடும் ஆசையும் இருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தை வரை 14 மைல் குறையில்லை. கடைசி ஐந்து மைல் செம்மண் பாதை, முந்தின நாள் மழை. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன். தோட்டத்தில் குச்சியை விட்டுப் பார்த்தேன்: அரை காலனுக்குக் கொஞ்சம் மேல்.

மச்சானிடம் சொன்னேன். தோட்டத்து எண்ணெய்க் கிடங்கின் சாவி மேனேஜர் துரையிடம். துரை கோலாலம்பூர் போயிருந்தார். மச்சான் ஒன்றும் திட்டவில்லை. காரில் ஏற்றிய பெட்டியை இறக்கினார். பிறகு, "நானும் வரலை. என் பாரமும் குறையட்டும். நீ அக்காவைக் கொண்டு சேர்த்துடு," என்றார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவில்லை.

2.30க்குப் புறப்பட்டோம். செம்மண் பாதையிலேயே அக்காவுக்கு இடுப்பு வலி. "குலுக்காம ஓட்டுடா," என்றாள். பிறகு பல்லைக் கடிக்கும் சத்தம்தான். தார்ச்சாலைக்கு வந்தும் முப்பதைத் தாண்டவில்லை. வேகம் கூடினால் எண்ணெய் தீரும். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், எதிரே ஒரு வண்டியும் இல்லை. அங்கே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்காமலிருக்க மைல்கற்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

கோலா சிலாங்கூர் சோதனைச் சாவடி கண்ணில் பட்டபோது என்ஜின் இருமியது. கால் மைல் முன்னால் நின்றேவிட்டது. நான் இறங்கிக் கை ஆட்டிக்கொண்டே ஓடினேன். மலாய்க் காவலர் ஒருவர் துப்பாக்கியை நீட்டினார். என்னோடு வந்து காருக்குள் எட்டிப் பார்த்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட இருவரைக் கூப்பிட்டார். நால்வரும் தள்ளினோம். சாவடியிலிருந்த போலீஸ் வண்டி அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. 5.20க்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்.

இனி, இந்தப் பக்கம் காரில் போகிறவர்களுக்கு. தார்ச்சாலையில் 37, செம்மண்ணில் 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மொத்தத்தில் 66 மைலுக்கு இரண்டு காலன், அதாவது 33. கோலா சிலாங்கூரில் எண்ணெய் கிடைக்கும் என்று நம்பாமல் கிள்ளானிலேயே டாங்கியை நிரப்புங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சோற்றுப் பொட்டலம் வேண்டாம், காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். நான்கு மணிக்குள் தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

காரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு எண்ணுக்காக அக்காவை அந்தக் காட்டுப் பாதையில் கொண்டுவந்தது நான்தான். பத்து நாள் கழித்து டாங்கி நிறைய எண்ணெயோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். அக்கா குழந்தையை என் கையில் ஒரு நிமிஷம் கொடுத்தாள். பிறகு வாங்கிக்கொண்டு, மச்சானோடு பஸ் ஏறிப் போனாள்.