சிம்னியை எங்கே வைப்பது

இதய சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவர் அந்தக் கோடையில் அதிகம் பேசவில்லை. ரூஜில் உள்ள எங்கள் வீட்டின் பின்பக்க யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, உறை போட்டு மூடிய பாபிகியூ அடுப்பையே பார்த்தபடி இருப்பார். பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட நான் தூக்க விடவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம், விட்பியில் இருந்து மகள் வந்திருந்தபோது, "இண்டைக்கு நான் கரி மூட்டப்போறன்" என்றார். எனக்குப் பயம்தான். ஆனாலும் கோழியை எடுத்து ஊறப்போட்டேன்.

காஸ் அடுப்பில் சுட்ட கோழியை அவர் அவித்த கோழி என்பார். கரி மூட்டுவதற்கென்று சிம்னி ஒன்று வைத்திருந்தார். கைபிடி போட்ட தகரக் குழாய் அது. அடியில் கசக்கிய கடதாசி, மேலே கரி. கீழே கொளுத்தினால் சிறிது நேரத்தில் எல்லாம் தணலாகிவிடும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் வாக்குவாதம். பின்கதவுக்கு வெளியே பலகை அடித்த டெக்கில் வைக்கப்போனவரை மகள் மறித்தாள்.

"அப்பா, டெக் வேண்டாம். அடியால தணல் விழும். இட்ஸ் வுட்."

புல்லும் மழையில்லாமல் காய்ந்து கிடந்தது. கடைசியில் கராஜுக்குப் பக்கத்துக் கொங்கிறீற்றுத் தரையைக் காட்டினார். கல் எரியுமா என்று கேட்டுவிட்டு, சிம்னியை அங்கேயே வைத்துக் கொளுத்தினார்.

கரி சிவந்துகொண்டு வரும்போது படாரென்று ஒரு சத்தம். கொங்கிறீற்று வெடித்து, சிறு துண்டொன்று பறந்து அவருடைய செருப்புக்கு முன்னால் விழுந்தது. கொங்கிறீற்றுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்குமாம், சூடு ஏறினால் அது ஆவியாகி மேல்பக்கத்தைப் பெயர்த்துவிடுமாம். மகள் பிறகுதான் ஃபோனில் தேடிச் சொன்னாள். அந்த நேரம் நான் கண்டது அவரை மட்டும்தான். நெஞ்சைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். தோள்கள் குலுங்கின. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கேக்க நெஞ்சு நோகுதப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு சிம்னியை நான்தான் தூக்கினேன். சுவரில் இருந்து தள்ளி நின்ற பாபிகியூவுக்குள், கரி போடும் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னார். நெருப்புக்கென்றே செய்த இடம் அது. ஆடாமல் நின்றது. இவ்வளவு நேரமும் அது எங்கள் கண்ணில் படவில்லை.

"முகத்தை விலத்திப் பிடி. மெதுவா வை" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். தணலைக் கொட்டிக் கோழியைப் போட்டபிறகு, அதைப் பிரட்டுவதற்கு மட்டும் இடுக்கியை என்னிடம் இருந்து பறித்துக்கொண்டார்.

கோழி ஒரு பக்கம் கருகித்தான் போனது. மூன்று பேரும் கையால் பிய்த்துச் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சாப்பிட்ட கையோடு, புகை மணக்கும் சேட்டுடன் கதிரையிலேயே நித்திரையானார். நுளம்பு கடிக்க வரும்வரை நாங்கள் அவரை எழுப்பவில்லை.